நீர் நாடும் வழி

வீடுதோறும் அன்றாடம் நிகழும் சிறு நிகழ்ச்சிகளுள் பேருண்மைகள் பல மறைந்து கிடக்கின்றன. அவற்றைக் காண்போர் பலர். கருதிப் பார்ப்போர் சிலரே. சுருங்கி வற்றிய உலர்ந்த திராட்சையை ஒரு கிண்ணம் நீரில் இட்டு வைத்தால், சில மணி நேரத்தில் அது பருத்துத் திரண்டு விடுகின்றது. மாவடு ஊறவைக்கும் தாய்மார் இதற்கு மாறான காட்சியைக் காண்கின்றனர். பிஞ்சு மாங்காய்களை உப்போடு கலந்து சாடியில் இட்டு, நாள்தோறும் அவர்கள் குலுக்கி வைப்பர், நீர் ஊற்றுவதில்லை. ஆயினும், சில நாள்களில் சாடியில் நீர் ஊறி நிற்கின்றது. வழவழப்பாக இருந்த மாவடு தோல் சுருங்கிக் காணப்படுகின்றது.

திராட்சையினுள் நீரைச் செலுத்தியது யாது? மாவடுவினின்று நீரை வெளிப்படுத்தியது யாது? திராட்சையை எவரும் துளையிடவில்லை. மாவடுவை எவரும் பிழியவுமில்லை. நீர் தானே உட்புகுந்தது, தானே வெளியேறியது. இவ்விரு செயல்களையும் ஆளும் நியதி ஒன்றே. அதனை அறிவியலார் ‘சவ்வூடு பரவல்’ என்பர். மரத்தின் வேர் மண்ணிலுள்ள நீரைப் பருகுவதும், வாடிய கீரை நீர் தெளித்தவுடன் நிமிர்வதும், கடல்நீரைக் குடித்தவனுக்குத் தாகம் மிகுவதும், வாந்திபேதியால் சாகும் நிலையிலிருந்த குழந்தை உப்புச் சர்க்கரை நீரால் பிழைத்தெழுவதும் ஆகிய யாவும் அந்நியதியோடு தொடர்புடையனவே.

இந்நியதியை ஆராய்ச்சிக் கண்கொண்டு முதன்முதல் நோக்கியவர் பிரான்சு நாட்டு அறிஞரான நொல்லே என்பவர். அவர் சமயத் துறையைச் சார்ந்தவர். இயற்பியலிலும் பெரும் புலமை வாய்ந்தவர். 1748ஆம் ஆண்டில் அவர் வேறோர் ஆராய்ச்சியின்பொருட்டுச் சிறிய கலம் ஒன்றில் மதுசாரத்தை நிரப்பினார். காற்றுப் புகாதவாறு அதன் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைச் சவ்வினால் இழுத்துக் கட்டினார். பின்னர் அக்கலத்தை நீரில் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரம் கழித்து வந்து நோக்கியபோது, தட்டையாக இருந்த சவ்வு மேல்நோக்கிப் புடைத்திருந்தது. அவர் அதனை ஊசியால் குத்தினார். உள்ளிருந்த திரவம் ஊற்றுப் போலப் பீறிட்டெழுந்தது. வெளியிலிருந்த நீர் சவ்வின் வழியே உட்புகுந்து கலத்தை நிறைத்திருந்தது என்பதை அவர் உணர்ந்தார். கலத்தில் நீரை நிரப்பி மதுசாரத்தில் அமிழ்த்தியபோது, சவ்வு உட்புறமாகக் குழிந்தது. எப்பக்கம் நின்றாலும் நீர் மதுசாரத்தை நாடியே சென்றது.

நொல்லே கண்டது உயிரற்ற கலத்தில் நிகழ்ந்த ஒரு விந்தை. உயிர்களின் வாழ்வுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்புண்டு என்பதை எடுத்துக் காட்டியவர் பிரான்சு நாட்டு மருத்துவரான டுட்ரோஷே என்பவர். 1820களில் அவர் செய்த சோதனைகள் எளியவை. சர்க்கரைக் கரைசல் நிறைந்த தோற்பையின் வாயில் நீண்ட குழாயொன்றைப் பொருத்தி, பையை நீரில் மூழ்க வைத்தார். நீர் பையினுள் புகப் புக, கரைசல் குழாயில் மேன்மேலும் உயர்ந்தது. மரஞ்செடிகளின் உடலிலும் நீர் இவ்வாறே இடம்பெயர்கின்றது என்று அவர் கருதினார்.

அவ்வாறு உட்புகும் நீரின் விசை எவ்வளவு? இவ்வினாவிற்கு விடை கண்டவர் ஜெர்மனி நாட்டுத் தாவரவியல் அறிஞரான பெஃபர் ஆவார். நுண்துளைகள் உடைய மண்கலத்தின் சுவரில் நீரை மட்டுமே புகவிடும் மெல்லிய படலத்தை அவர் உண்டாக்கினார். அக்கலத்தில் சர்க்கரைக் கரைசலை நிரப்பி, நீரில் வைத்து, உள்ளே தோன்றும் அழுத்தத்தை அளந்தார். 1877ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவுகள் அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தின. நூற்றுக்கு ஒரு பங்கு சர்க்கரையே கலந்த கரைசல்கூட, ஏறக்குறைய 7 மீட்டர் உயரமுள்ள நீர்த்தூணைத் தாங்கத்தக்க அழுத்தத்தைத் தோற்றுவித்தது. சர்க்கரையின் அளவு மிகுந்தபோது அழுத்தமும் மிகுந்தது. இவ்வளவுகளை அடிப்படையாகக் கொண்டு, ஹாலந்து நாட்டு வேதியியல் அறிஞரான வாண்ட் ஹாஃப் இதற்குரிய கணித விதியை வகுத்தார். 1901ஆம் ஆண்டில் வேதியியலுக்கு முதன்முதல் வழங்கப்பெற்ற நோபெல் பரிசு அவருக்கே உரியதாயிற்று.

இனி, நீர் இவ்வாறு செல்வதற்குக் காரணம் யாதென ஆராய்தல் வேண்டும். திடல் ஒன்றைக் கம்பி வேலி இரண்டாகப் பிரிக்கின்றது என்று கொள்க. வேலியின் இடைவெளி சிறுவர் நுழைவதற்குப் போதும். மாடுகள் நுழைவதற்குப் போதாது. ஒரு பக்கத்தில் சிறுவர் மட்டுமே நிறைந்து ஓடியாடுகின்றனர். மற்றொரு பக்கத்தில் சிறுவரும் மாடுகளும் கலந்து நிற்கின்றனர். மாடுகள் இடத்தை அடைத்துக் கொள்வதால் அங்குச் சிறுவர் தொகை குறைவு. வேலியை அணுகும் சிறுவரும் குறைவு. எவரும் எவரையும் அழைக்கவில்லை, விரட்டவும் இல்லை. ஆயினும், சிறுவர் மிக்க பக்கத்தினின்று வேலியைக் கடப்போர் மிகுதியாகவும், மறுபக்கத்தினின்று திரும்புவோர் குறைவாகவும் இருப்பர். சிறிது நேரத்தில் மாடுகள் நிற்கும் பக்கத்தில் கூட்டம் பெருகிவிடும்.

இங்குக் கூறிய சிறுவரே நீரின் மூலக்கூறுகள், மாடுகளே உப்பும் சர்க்கரையும் போன்ற கரைபொருள்கள், வேலியே சவ்வு. நீரின் மூலக்கூறுகள் ஓயாது அலைந்துகொண்டே இருக்கின்றன. அவை சவ்வின் இருபுறமும் போவதும் வருவதுமாக உள்ளன. கரைபொருள் குறைந்த பக்கத்தினின்று செல்வன மிகுதி. கரைபொருள் மிகுந்த பக்கத்தினின்று மீள்வன குறைவு. ஆதலால், முடிவில் நீர் செறிவு குறைந்த கரைசலினின்று செறிவு மிகுந்த கரைசலை நோக்கிச் செல்வதாயிற்று. இதுவே சவ்வூடு பரவல். உப்பு நீரை இழுக்கின்றது என்று கூறுவது உலக வழக்கு. உண்மையில் இழுப்பார் எவரும் இலர். போக்கின் மிகுதியே அவ்வாறு தோன்றுகின்றது.

உயிர்களின் உடல் எண்ணற்ற நுண்ணிய உயிரணுக்களால் ஆகியது. ஒவ்வோர் உயிரணுவையும் மிக மெல்லிய சவ்வொன்று சூழ்ந்துள்ளது. அச்சவ்வு நீரை எளிதில் புகவிடும். உப்பையும் சர்க்கரையையும் அவ்வாறு விடாது. கொழுப்புத் தன்மை வாய்ந்த அச்சவ்வினூடே நீர் இத்துணை விரைந்து செல்வது எங்ஙனம் என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1992ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞரான பீட்டர் ஆக்ரெயும் அவருடைய குழுவினரும் அப்புதிரை விடுவித்தனர். உயிரணுச் சவ்வில் நீர் மட்டும் செல்வதற்குரிய நுண்ணிய வாய்க்கால்களாக ஒருவகைப் புரதங்கள் அமைந்துள்ளன என்பதை அவர்கள் கண்டனர். அக்கண்டுபிடிப்பிற்காக 2003ஆம் ஆண்டின் நோபெல் பரிசு ஆக்ரெக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

செடிகொடிகளின் உயிரணுக்களில் சவ்விற்கு வெளியே உறுதியான சுவர் ஒன்றும் உண்டு. நீர் உட்புகும்போது சவ்வு விரிந்து அச்சுவரை அழுத்துகின்றது. சுவர் அதனைத் தாங்கி நிற்கின்றது. காற்றடைத்த பந்து விறைத்து நிற்பதைப் போன்று, நீர் நிறைந்த உயிரணுக்கள் விறைத்து நிற்கின்றன. எலும்பில்லாத கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இவ்விறைப்பினாலேயே. நீர் குறைந்தால் விறைப்பு நீங்கும். செடி வாடித் தலை சாயும். செந்நிற வெங்காயத்தின் மேல்தோலை மெல்லியதாக உரித்து, அடர்ந்த உப்பு நீரில் இட்டு நுண்ணோக்கியின் வழியே பார்ப்போர் இதனை நேரே காணலாம். நிறமுள்ள உட்பொருள் சுவரை விட்டு விலகிச் சுருங்கும். காலந் தாழ்த்தாது நன்னீரில் இட்டால், அது மீண்டும் விரிந்து பழைய இடத்தை நிரப்பும். ஊறுகாயும் கருவாடும் கெடாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். உப்பு மிகுந்த இடத்தில் வந்து சேரும் நுண்கிருமிகள் தம் உடல்நீரை இழந்து செயலற்று விடுகின்றன.

வேரின் நுனியிலுள்ள மெல்லிய தூவிகளில் இருக்கும் கரைசல் மண்ணீரைவிடச் செறிவு மிக்கது. எனவே, மண்ணீர் வேரினுள் புகுகின்றது. ஆனால், மண்ணில் உப்பு மிகுந்தால் இப்போக்குத் தடைப்படும். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்துக் கரையோர வயல்களில் கடல்நீரைப் பரப்பியது. அலை வடிந்த பின்னும் உப்பு மண்ணிலேயே தங்கிற்று. நிலம் ஈரமாக இருந்தும் பயிர் அவ்வீரத்தைப் பருக இயலவில்லை. மழைநீரும் நன்னீரும் அவ்வுப்பைக் கரைத்து வடித்த பின்னரே வயல்கள் மீண்டும் பயிருக்கு இடமாயின. அளவின்றி உரமிட்ட செடி கருகுவதும் இக்காரணம் பற்றியே.

விலங்குகளின் உயிரணுக்களுக்குச் செடிகளைப் போன்ற சுவர் இல்லை. ஆதலின், அவற்றிற்கு இருபுறமும் இடர் உண்டு. குருதியிலுள்ள சிவப்பணுக்களைத் தூய நீரில் இட்டால், நீர் அவற்றினுள் பாய்ந்து புகும். அவை ஊதிப் பருத்து வெடித்துவிடும். அடர்ந்த உப்பு நீரில் இட்டாலோ, தம் நீரை இழந்து சுருங்கிவிடும். நூற்றுக்கு 0.9 பங்கு உப்புள்ள நீரில் மட்டும் அவை ஊதாமலும் சுருங்காமலும் தம் வடிவில் நிலைத்து நிற்கின்றன. மருத்துவர்கள் நரம்பு வழியே செலுத்தும் உப்பு நீர் இவ்வளவினதாக இருப்பதன் கருத்து இதுவே. கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பங்கு உப்பு உள்ளது. அதனைக் குடித்தவனுடைய குருதியில் உப்பு மிகுகின்றது. உயிரணுக்களின் நீர் வெளியேறுகின்றது. மிஞ்சிய உப்பைக் கழிப்பதற்குக் குடித்த நீரினும் மிகுதியான நீரை உடல் செலவிடுகின்றது. சுற்றிலும் நீராக இருந்தும், நடுக்கடலில் தவிப்போர் நாவறண்டு மாள்வது இதனாலேயே.

நீரின் இப்போக்கை மனிதன் அறியாதிருந்த காலத்தில், அவனை மிகவும் வருத்திய நோய்களுள் ஒன்று வாந்திபேதி. காலரா எனப்படும் அந்நோய் கண்டவர்க்கு உடலிலுள்ள நீர் மடை திறந்தாற்போல வெளியேறும். கண்கள் குழி விழும், நாடி தளரும், காலையில் நலமாக இருந்தவர் மாலையில் மடிவதும் உண்டு. 1832ஆம் ஆண்டில் ஸ்காத்துலாந்து நாட்டில் அந்நோய் பரவியபோது, தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர் துணிவான செயலொன்றைச் செய்தார். நாடி அடங்கும் நிலையிலிருந்த மூதாட்டி ஒருவரின் நரம்பில் உப்பு கலந்த நீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். குளிர்ந்த உடல் சூடேறியது, முகம் தெளிந்தது, அவர் பேசலானார். ஆனால், பேதி மீண்டும் தொடங்கியது. நீர் செலுத்துவது தொடராமற்போகவே, சில மணி நேரத்தில் அம்மூதாட்டி உயிர் நீத்தார். இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்தால் உயிர் மீளும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று; ஈடு செய்வதை இடையில் நிறுத்தலாகாது என்பதையும் காட்டிற்று.

நோயின் உள்ளியல்பு விளங்குவதற்கு நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. 1959ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் தே என்னும் மருத்துவ அறிஞர், நோய்க்கிருமி வெளியிடும் நஞ்சே நீரிழப்பிற்குக் காரணம் என்பதை முயலின் குடலில் செய்த சோதனையால் நிறுவினார். அந்நஞ்சு குடற்சுவரின் உயிரணுக்களைத் தூண்டி, உடலின் உப்புப் பொருள்களைக் குடலினுள் இடையறாது சொரியச் செய்கின்றது என்று பின்வந்தோர் கண்டனர். குடலில் உப்பு மிகுந்தவுடன், சவ்வூடு பரவலின் நியதிப்படி உடலின் நீரும் அங்குச் செல்கின்றது. உப்புச் சென்ற வழியே நீரும் செல்லும் என்னும் உண்மை இங்கு உயிரைக் கொள்ளை கொள்ளும் கூற்றாகின்றது.

அவ்வுண்மையையே உயிர் காக்கும் கருவியாகத் திருப்ப இயலாதா? குடலிலுள்ள உப்பை மீண்டும் உடலினுள் புகுத்த வழியிருந்தால், நீரும் அதனைத் தொடர்ந்து உடலுக்குத் திரும்பும் அன்றோ? வெறும் உப்பு நீரைக் குடிக்கச் செய்தால் பயனில்லை. நோயுற்ற குடல் அதனைப் போதிய அளவு ஏற்பதில்லை. 1960ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர் இதற்குரிய திறவுகோலைக் கண்டார். குடற்சுவரில் உப்பின் ஒரு கூறாகிய சோடியமும் குளுக்கோசு என்னும் சர்க்கரையும் இணைந்து உட்செல்வதற்கென ஒரு வாயில் உண்டு என்று அவர் விளக்கினார். வாந்திபேதியின் நஞ்சு அவ்வாயிலைக் கெடுப்பதில்லை. சர்க்கரையைத் துணையாகச் சேர்த்தால் உப்பு உட்செல்லும். உப்பு உட்சென்றால் நீர் தானே தொடரும். 1968ஆம் ஆண்டில் டாக்கா நகரில் டேவிட் நேலின், ரிச்சர்டு கேஷ் என்னும் இளம் மருத்துவர் இருவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளர்களுக்குப் புகட்டி, இம்முறை பயன் தருவதை மெய்ப்பித்தனர்.

மூன்றாண்டுகளில் இம்முறைக்குக் கடுஞ்சோதனை ஒன்று வந்தது. 1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்தில் போர் மூண்டது. இலட்சக்கணக்கான மக்கள் வீடு வாசலை விட்டு இந்திய நாட்டினுள் அடைக்கலம் புகுந்தனர். மேற்கு வங்காளத்து எல்லையிலுள்ள பன்காவ் என்னும் ஊரின் முகாம்களில் வாந்திபேதி பரவிற்று. மருத்துவமனையில் படுக்கை போதாமையால் நோயாளர் தரையில் கிடந்தனர். நரம்பு வழியே செலுத்தும் உப்பு நீர் தீர்ந்துகொண்டிருந்தது. அதனைச் செலுத்தப் பயின்றவர்களும் சிலரே இருந்தனர்.

அங்குப் பணியாற்றச் சென்ற திலீப் மகாலனபிஸ் என்னும் மருத்துவர், வாய்வழி நீர் புகட்டும் முறையையே நம்புவது என்று துணிந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்பது அவர் கொண்ட அளவு. கல்கத்தாவில் இப்பொடிகள் நிறுத்துக் கலந்து பொட்டலங்களாகக் கட்டப்பட்டுப் பன்காவிற்கு அனுப்பப்பட்டன. அங்கே குழாய் பொருத்திய பீப்பாய்களில் அவை நீரிற் கரைக்கப்பட்டன. தாயும் தந்தையும் உற்றாரும் குவளைகளில் நீரைப் பிடித்து நோயாளர்க்குத் தாமே புகட்டினர். அதுவரை, நோயுற்ற நூற்றுவருள் முப்பதின்மர் வரையில் மடிந்து வந்தனர். அவருடைய பொறுப்பிலிருந்த நோயாளருள் மடிந்தோர் தொகை நூற்றுக்கு நான்கினும் குறைவாயிற்று. பயிற்சி பெற்றோர் மட்டுமே செய்யத்தக்கது என்று கருதப்பட்ட மருத்துவம் எழுத்தறியாத தாயின் கைக்கும் எளிதாயிற்று. மகாலனபிஸ் 2022ஆம் ஆண்டில் காலமானார். அடுத்த ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை வழங்கிப் போற்றியது.

இம்மருந்தின் ஆற்றல் அதிலுள்ள பொருள்களில் மட்டும் அன்று; அவற்றின் அளவிலும் உள்ளது. சர்க்கரை மிகுந்தால் நன்று என்று எண்ணி அள்ளிக் கொட்டினால், குடலிலுள்ள கரைசல் உடலின் கரைசலினும் செறிவு மிகுந்ததாகிவிடும். அப்போது நீர் உட்செல்வதற்கு மாறாக, உடலினின்று குடலுக்கு வந்து பேதியை மிகுவிக்கும். உப்பு மிகுந்தாலும் தீங்கே. இதனைக் கருதியே உலகச் சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் உப்பு, குளுக்கோசு ஆகியவற்றின் அளவை முன்னையதினும் குறைத்து அமைத்தது. ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும், அவற்றோடு வேறிரு உப்புகளும் அதன் கூறுகள் ஆயின. அப்பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் தூய குடிநீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும், தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். நோய் கடுமையாயின், புகட்டுவதை நிறுத்தாமலே மருத்துவரிடம் விரைதல் வேண்டும்.

பேதி கண்டவர்க்கு நீர் கொடுத்தல் ஆகாது என்னும் தவறான எண்ணம் முற்காலத்தில் பலரிடையே நிலவியது. இன்றும் ஆங்காங்கே அது தலைகாட்டுவதுண்டு. அவ்வெண்ணத்தால் இழந்த உயிர்கள் பல. நீர் தன் விருப்பப்படி செல்வதில்லை; உப்பும் சர்க்கரையும் நிற்கும் நிலைக்கேற்பவே செல்கின்றது. இவ்வியல்பை அறியாதவனுக்கு நீர் உடலை விட்டு ஓடுவது விதியின் கொடுமையாகத் தோன்றும். அறிந்தவனோ, ஒரு குவளை நீரையும் சிறிதளவு உப்பையும் சர்க்கரையையும் துணையாகக் கொண்டு, ஓடும் நீரை மீண்டும் உடலுக்குத் திருப்புகின்றான். அடுக்களையில் திராட்சை ஏன் பருத்தது என்று வினவும் அறிவும், முகாமில் குழந்தையின் உயிரைக் காத்த அறிவும் வெவ்வேறல்ல. சிறிய வினாக்களையும் பொருட்படுத்தி விடை தேடுவோரால் உலகம் பெரும்பயன் எய்துகின்றது.